சபைக்கு வெப்சைட் தேவையா? வைத்தால் யார் பார்த்துக்கொள்வது?

கேள்வி: 12 ஜனவரி 2025, மதியம்

எங்கள் சேகரத்துக்கு ஒரு வெப்சைட் இருக்கிறது. அதில் இன்னும் போன ஐயர், அதாவது முந்தின போதகர், படம்தான் சிரித்துக்கொண்டிருக்கிறது. அவர் மாற்றலாகிப் போய் வருடக்கணக்கில் ஆகிறது. இப்போது கமிட்டியில் புதிதாகச் செய்ய ஒரு கம்பெனியிடம் கொட்டேஷன் வாங்கியிருக்கிறார்கள். முப்பது பக்கம், ஓடுகிற படங்கள், தனியாக ஒரு ஆப். எல்லா அறிவிப்பும் வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிடுகிறது, வெப்சைட் தண்டச் செலவு என்பது என் கட்சி. செயலர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். சபை வெப்சைட்டை நடத்திப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில்: 12 ஜனவரி 2025, இரவு
பழைய வாலிபர் சங்கம்

நான் நடத்துகிறேன். நெல்லைப் பக்கம், சி.எஸ்.ஐ. சபை, பெயர் வேண்டாம். உங்கள் கட்சியில் பாதி சரி.

சபையார் வெப்சைட்டைப் பார்ப்பதில்லை. அவர்களுக்குக் கோயில் மணி இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது, ஞாயிறன்று வாசலில் கொடுக்கிற அறிவிப்புத் தாள் இருக்கிறது, எதுவும் இல்லாவிட்டாலும் கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை இருக்கிறார். ஆனால் குரூப்பில் இருப்பவர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவர். நம் சபையைப் பற்றி எதுவும் தெரியாதவர்தான் கூகுளில் தேடிக்கொண்டு வருகிறார்.

கூகுள் சர்ச் கன்சோல் என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. என்ன வார்த்தையைத் தேடி நம் பக்கத்துக்கு வந்தார்கள் என்று அதில் தெரியும். எங்களுக்கு முதலிடம் எப்போதும் சபையின் பெயரோடு ‘டைமிங்’. அப்புறம் ‘இங்கிலீஷ் சர்வீஸ்’. கல்யாண சீசனில் ‘பாரிஷ் ஹால்’, ‘பார்க்கிங்’. ஜூன், ஜூலையில் காலேஜில் சேர்ந்த வெளியூர்ப் பிள்ளைகள். நடுநடுவே மஸ்கட்டிலிருந்தோ மெல்போர்னிலிருந்தோ ஒருவர், தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவு இருக்குமா என்று. ‘எங்கள் தரிசனம்’, ‘எங்கள் நோக்கம்’ என்று தேடி வந்தவர் இதுவரை ஒருவர்கூட இல்லை. அந்தப் பக்கத்துக்குத்தான் கமிட்டியில் மிக நீண்ட விவாதம் நடந்தது.

ஆகவே முதல் திரையில் மூன்றே விஷயம் போதும்: ஆராதனை எப்போது, கோயில் எங்கே, சந்தேகம் என்றால் எந்த நம்பர். விரலால் ஒரு தடவைகூடத் தள்ளாமல் இது தெரிய வேண்டும். பிறகு ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் இவற்றுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்கம். சபை வரலாறு ஒரு பக்கம். வாராந்திர அறிவிப்பு ஒரு பக்கம். ஆப் வேண்டாம். உங்கள் சபை ஆப்பை உங்கள் செயலரே தன் போனில் வைத்திருக்க மாட்டார்.

13 ஜனவரி 2025

“முப்பது பக்கம் இருந்தால் என்ன, காசு கொடுத்தால் அவர்களே செய்து தருவார்களே” என்று கோவைக்காரர் கேட்டிருக்கிறார். செய்து தருவார்கள் சார். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு ஒரு பக்கம், அதில் தலைவி, செயலர், பொருளாளர் படம். அடுத்த தேர்தலில் மூவரும் மாறுவார்கள். யார் மாற்றுவது? பழைய தலைவியின் படம் மேலே இருக்கிறது என்று புதுத் தலைவி வருத்தப்படுவார், எடுத்தால் பழையவர் வருத்தப்படுவார். சங்கங்களுக்குப் பக்கமே போடாதீர்கள், கூடுகிற நாளும் நேரமும் போதும்.

19 ஜனவரி 2025

வடிவமைப்பைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரி, யார் பெயரில் இருக்கிறது?

எங்கள் முதல் வெப்சைட்டை வாலிபர் சங்கத்தில் இருந்த ஒரு தம்பி செய்தான். நல்ல பையன், கை சுத்தம், வேலை சுத்தம். டொமைனைத் தன் சொந்த மெயில் வைத்து வாங்கினான், பணமும் தன் கார்டில் கட்டினான். வேலை கிடைத்து வெளிநாடு போனான், கார்டு மாறியது, மெயிலும் மாறியது. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் யாரும் திறக்காத பெட்டியில் விழுந்தன. எங்களுக்கு விஷயம் தெரிந்தபோது அந்த முகவரியில் சூதாட்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. சபை பெயரைத் தட்டினால் ரம்மி. சென்ற வருட அழைப்பிதழ்களில் வேறு அந்த முகவரி அச்சாகியிருந்தது.

காலாவதியான அன்றே டொமைன் கைவிட்டுப் போய்விடாது. .காம், .ஆர்க் போன்றவற்றில், வாங்கிய கம்பெனியைப் பொறுத்து, அதிகபட்சம் 45 நாள் வரை சாதாரண விலைக்கே புதுப்பிக்கலாம். அதற்கு மேல் 30 நாள் மீட்புக் காலம், இதில் தனியாகத் தண்டம் கட்ட வேண்டும். அதன்பின் 5 நாள் சும்மா கிடக்கும். பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எடுப்பதற்கென்றே நாள் எண்ணிக்கொண்டிருக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நம் பெயரில் பல வருடமாகக் கூகுள் வைத்திருக்கிற மரியாதைதான் அவர்களுக்கு வேண்டியது.

இப்போது எங்கள் ஏற்பாடு இது. சபை அலுவலகத்துக்கென்று ஒரு மெயில், டொமைன், மேப், யூடியூப் எல்லாம் அதில். டொமைனுக்கு ஐந்து வருடப் பணம் ஒரே தடவையாகக் கட்டியாயிற்று, ரசீது பொருளாளர் கணக்கில் இருக்கிறது. ஓடிபி அலுவலக போனுக்கு வரும். ஐயருடைய சொந்த நம்பரைக் கொடுக்கவில்லை, அவர் எப்படியும் மாற்றலாகிப் போவார். அவசரத்துக்கான குறியீட்டு எண்களை அச்செடுத்து, உறையில் ஒட்டி, வெஸ்ட்ரி பீரோவில் ஞானஸ்நான ரிஜிஸ்டர்களோடு வைத்திருக்கிறோம். அந்த பீரோ சாவி இரண்டு பேரிடம். சபையில் எது தொலைந்தாலும் அந்த பீரோவில் இருப்பது தொலையாது.

அந்த மெயிலை மாதம் ஒரு முறையாவது யாராவது திறந்து பாருங்கள். 2 வருடம் யாரும் உள்ளே நுழையாத தனியார் கணக்குகளைக் கூகுள் அழிக்க ஆரம்பித்தது 2023 டிசம்பரிலிருந்து.

20 ஜனவரி 2025

.சர்ச் என்றே ஒரு நீட்சி இருக்கிறதே என்று ஒருவர். இருக்கிறது. .ஆர்க், .இன் இவற்றைவிட விலை கூடுதல். இன்னொருவர் தமிழிலேயே .இந்தியா வாங்கலாமே என்கிறார். வாங்கலாம், எனக்கும் ஆசைதான். ஆனால் போனில் ஒரு அம்மாவுக்கு முகவரி சொல்லும்போது நான் படும் பாட்டை நீங்கள் பட மாட்டீர்கள்.

2 பிப்ரவரி 2025

எழுத்துரு. இதைச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது.

எங்கள் அறிவிப்புத் தாளை அடிக்கிறவர் டிடிபி சென்டர் வைத்திருக்கும் பெரியவர். வானவில் என்ற பழைய எழுத்துருவில் அடித்துப் பழகிய கை. காகிதத்தில் அருமையாக இருக்கும். அதை அப்படியே எடுத்து வெப்சைட்டில் ஒட்டினால் ‘கர்த்தருடைய’ என்று ஆரம்பிக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்து ஒரு கோலம் வரும். பாமினியில் அடித்தால் வேறு கோலம். பிடிஎஃப் ஆக்கிப் போட்டால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும். ஆனால் கூகுளுக்கு உள்ளே இருப்பது அந்தக் கோலம்தான். ‘அசனப் பண்டிகை’ (சபையார் கூடிச் சாப்பிடும் விருந்து) என்று தேடுகிறவருக்கு நம் தாள் ஒருநாளும் அகப்படாது. கண் தெரியாதவர் போனை வாசிக்கச் சொன்னால் அது உளறும்.

எல்லாப் போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரிகிற யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாக இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு தடவை வாசித்துப் பாருங்கள், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வருகிற எழுத்துகளில் சில சமயம் இடறும். தமிழ்நாடு அரசே 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. சபைகள்தான் இன்னும் வரவில்லை. பெரியவரிடம் யூனிகோடுக்கு மாறுங்கள் அண்ணாச்சி என்றேன். “எனக்கு வயசு எழுபத்தொண்ணு” என்றார். விஷயம் அத்தோடு முடிந்தது. நானே மாற்றிக்கொள்கிறேன்.

கொஞ்சம் திசை மாறுகிறேன். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கும் எழுத்துருவுக்கும் உள்ள வம்பு முந்நூறு வருடப் பழசு. தரங்கம்பாடிக்கு ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706-ல் வந்தார். ஜெர்மனியில் ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் அச்செழுத்துகள் 1713-ல் வந்து சேர்ந்தன. அவை பெரிய எழுத்துகள். அதில் அடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. அதனால் பக்கத்தில் பொறையாறிலேயே சின்ன எழுத்துகளை வார்த்து 1715-ல் புதிய ஏற்பாட்டை அடித்து முடித்தார்கள். வந்த எழுத்து சரியில்லை என்றதும் உள்ளூரிலேயே புதிதாக வார்த்த கூட்டம் நாம். இன்று ஒரு கன்வெர்ட்டரைத் தட்டச் சோம்பல்.

6 மார்ச் 2025

நேற்று சாம்பல் புதன், லெந்து என்கிற தவக்காலம் தொடங்கும் நாள். ஒரு பெண் மெயில் எழுதியிருக்கிறார்: “உங்கள் தளத்தில் லெந்து கூட்டம் பிப்ரவரி 14-ல் ஆரம்பம் என்று இருக்கிறது, வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனேன்.” அவர் பார்த்தது பக்கத்துச் சபைத் தளம், எங்களுடையது இல்லை. 2024-ல் சாம்பல் புதன் பிப்ரவரி 14. அவர்கள் போன வருடப் பக்கத்தை எடுக்கவே இல்லை.

நம் நாள்காட்டியில் கிறிஸ்துமஸ் தவிர முக்கியமானதெல்லாம் நகரும். பெரிய வெள்ளி 2024-ல் மார்ச் 29, இந்த வருடம் ஏப்ரல் 18, அடுத்த வருடம் ஏப்ரல் 3. ஈஸ்டர் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எங்கே வேண்டுமானாலும் விழும். ஆகவே ‘வரும் வெள்ளி’, ‘இந்த ஞாயிறு’ என்று எழுதவே கூடாது. நாள், மாதம், வருடம், கிழமை, நான்கும் வேண்டும். வருடம் இருந்தால் குறைந்தபட்சம் இது பழசு என்று பார்க்கிறவருக்குப் புரியும்.

இன்னொன்று. ஜனவரியில் முதல் திரை முக்கியம் என்று எழுதினேன். யோசித்துப் பார்த்தால் அதற்கும் முந்தின படி ஒன்று இருக்கிறது. சபை பெயரைத் தேடினால் வலப்பக்கம் மேப்போடு ஒரு அட்டை வருகிறதே, பெரும்பாலானவர்கள் அதைப் பார்த்துவிட்டு அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். அங்கே நேரம் தப்பாக இருந்தால் வெப்சைட் எவ்வளவு சரியாக இருந்தும் பிரயோஜனமில்லை. அந்த அட்டையை நாம் உரிமை கோராவிட்டால் போகிற வருகிறவர்கள் சொல்கிற திருத்தமெல்லாம் ஏறும். எங்களுடையதில் ரொம்ப நாள் ‘24 மணி நேரமும் திறந்திருக்கும்’ என்று இருந்தது. ஆத்துமாவுக்குச் சரி, கோயில் கேட்டுக்குப் பொருந்தாது. பண்டிகை நாட்களுக்குத் தனி நேரம் கொடுக்க அதிலேயே வசதி இருக்கிறது. மேப்பில் குத்தியிருக்கிற இடம் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறதா, கோயில் வாசலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்க வேண்டாம், சில சபைகளில் இரண்டுக்கும் ஒரே பெயர், வழி காட்டி நேராகக் கல்லறைக்குக் கொண்டுபோய் விடுகிறது.

23 மார்ச் 2025

நேரலை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

எங்களுக்கும் ஆரம்பம் 2020 தான். மார்ச் 25-ல் ஊரடங்கு, ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, 12 ஈஸ்டர். பூட்டிய கோயிலுக்குள் ஐயர், ஆர்கன் வாசிக்கிறவர், ட்ரைபாடில் ஒரு போன். அன்றைக்கு அது அவசியம். இன்றைக்கும் நடத்துகிறோம், யாருக்காக என்று தெரிந்துதான்: படுக்கையில் இருக்கிற பெரியவர்கள், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள். ‘வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்’ என்று வராமல் போனவர்களும் உண்டு. அவர்கள் நேரலை இல்லாவிட்டாலும் வந்திருக்க மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். ஐயர் வேறு மாதிரி நினைக்கிறார்.

நடைமுறை விஷயங்கள். போனிலிருந்து யூடியூபில் நேரலை விட சேனலுக்கு 50 சந்தாதாரர் வேண்டும், கணக்கைச் சரிபார்த்திருக்கவும் வேண்டும். கம்ப்யூட்டர் வழியாக விட்டால் அந்த எண்ணிக்கை கேட்காது. ஒவ்வொரு வாரமும் புது இணைப்பை வெப்சைட்டில் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள், ஒரு வாரம் மறப்பீர்கள். சேனலின் நேரலை முகவரியைக் கொடுத்துவிட்டால் அன்றன்றைக்கு ஓடுவதற்கு அதுவே கொண்டுபோகும்.

பாட்டு. கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார் 1864-ல் இறந்தார். அவருடைய வரிகளுக்கு இன்று யாரும் உரிமை கோர முடியாது. ஆனால் எங்கள் பாடகர் குழு அவர் கீர்த்தனையைப் பாடினாலும் ஏதோ ஒரு கேசட் கம்பெனியின் பதிவோடு ஒத்துப்போகிறது என்று யூடியூபின் இயந்திரம் உரிமைக் கோரிக்கை அனுப்பும். பயப்பட வேண்டாம், மறுப்பு எழுதலாம், எங்களுக்கு விலகியிருக்கிறது. உண்மையான மதச் சடங்கில் பாடுவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் 52-ம் பிரிவில் விலக்கு உண்டு. இயந்திரத்துக்குச் சட்டப் படிப்பு கிடையாது, அவ்வளவுதான். ஆராதனை தொடங்குவதற்கு முன் ஸ்பீக்கரில் சிடி போட்டுவிட்டு அதையும் நேரலையில் விட்டால் அது வேறு கதை. அந்தக் கோரிக்கை நியாயமானது.

திருவிருந்து நேரத்தில் கேமராவைப் பீடத்தின் சிலுவைப் பக்கம் திருப்பிவிடுகிறோம். முழங்காலில் நிற்கிறவர்கள் முகத்தை உலகத்துக்குக் காட்ட வேண்டியதில்லை.

21 ஏப்ரல் 2025

ஈஸ்டர் முடிந்தது, நான் இன்னும் தூங்கவில்லை. ஒரு செய்தி: கூட்டம் வந்தது சனிக்கிழமை இரவு. ஞாயிறு இல்லை. வெள்ளி இரவும் இல்லை. சனி இரவு சாப்பிட்டுவிட்டு, காலையில் அலாரம் எத்தனை மணிக்கு வைக்க வேண்டும் என்று பார்க்க வருகிறார்கள். ஒரே பக்கம், ஒரே கேள்வி: அதிகாலை ஆராதனை நாலரையா ஐந்தா. எனவே சனி மாலைக்குள் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். ஞாயிறு காலை திருத்துவது யாருக்கும் உதவாது.

பக்கத்து ஊர் சபையொன்று அதே நேரத்தைப் போஸ்டர் படமாகப் போட்டிருந்தது. சிவப்புப் பின்னணி, தங்க எழுத்து, பின்னால் உதயசூரியன், நடுவில் ஐயர், இரண்டு பக்கமும் கமிட்டி. நேரம் மட்டும் கீழ் மூலையில் எறும்பு சைஸில். படம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, போடாவிட்டால் கமிட்டி விடாது. படத்துக்குக் கீழே அதே விஷயத்தை இரண்டு வரி எழுத்தில் போட்டுவிடுங்கள்.

8 ஜூன் 2025

பெங்களூரு அக்கா கேட்டது: காணிக்கைக்கு வெப்சைட்டில் க்யூஆர் போடலாமா?

போடலாம், நாங்கள் போட்டிருக்கிறோம். சபையின் வங்கிக் கணக்கோடு இணைந்ததாக மட்டும் இருக்கட்டும். பொருளாளரின் சொந்த யுபிஐ வேண்டவே வேண்டாம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். ஸ்கேன் செய்ததும் திரையில் என்ன பெயர் வர வேண்டும் என்பதைப் படத்துக்குக் கீழே எழுதிவிடுங்கள். வேறு பெயர் வந்தால் அனுப்புகிறவர் நிறுத்திக்கொள்வார். கோயில் வாசலில் ஒட்டிய க்யூஆரின் மேல் வேறொன்றை ஒட்டிவிட்டுப் போகிற வேலை கடைகளில் நடக்கிறது, நமக்கும் நடக்கலாம். கோயில்பிள்ளையிடம் வாரம் ஒரு முறை நகத்தால் சுரண்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

வெளிநாட்டுக் கார்டு ஏற்கிற பட்டன் மட்டும் எச்சரிக்கை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது எஃப்சிஆர்ஏ, 2010. பதிவோ முன்அனுமதியோ இல்லாத சபை வெளிநாட்டவரின் பணத்தை வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும், 2020 திருத்தத்துக்குப் பிறகு, பணம் முதலில் புது டெல்லியில் ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் இருக்கிற அதற்கான கணக்குக்குத்தான் வர வேண்டும். வெப்சைட் செய்கிற கம்பெனிக்காரருக்கு இது தெரியாது. அவர் உலகம் முழுவதுக்கும் திறந்துவைத்துவிட்டுப் போவார்.

9 ஜூன் 2025

“அப்படியென்றால் துபாயில் இருக்கிற நம் பிள்ளைகள் அனுப்பும் காணிக்கையும் குற்றமா” என்று ஒருவர் கொதித்திருக்கிறார். இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. எங்கே இருக்கிறார் என்பது கணக்கில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் ஆகும், இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படித்தான். துபாய் மகன் அனுப்பலாம், சிட்டிசன்ஷிப் வாங்கிய டொராண்டோ மகள் அனுப்பினால் சிக்கல். ஆகவே எங்கள் பக்கத்தில் இந்த இரண்டு வரியும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. மேற்கொண்டு உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள், நான் பாட்டுக்கு வக்கீல் ஆக விரும்பவில்லை.

17 ஆகஸ்ட் 2025

இது கொஞ்சம் கனமான விஷயம்.

அறிவிப்புத் தாளின் கடைசிப் பக்கத்தில் ‘ஜெபிக்க வேண்டியவர்கள்’ என்று ஒரு பட்டியல் வரும். பெயர், தெரு, என்ன வியாதி. தலைமுறை தலைமுறையாக இருக்கிற வழக்கம். தாளை அப்படியே பிடிஎஃப் ஆக்கி வெப்சைட்டில் ஏற்றும் வழக்கம் எனக்கு முன்பிருந்தவர்களிடமிருந்து வந்தது. அதை ஆங்கிலத்தில் அடித்த காலத்துத் தாள்கள் கூகுளில் நன்றாகவே அகப்பட்டன. ஒரு நாள் ஆராதனை முடிந்து ஒரு அக்கா வெஸ்ட்ரிக்கு வந்தார். மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் யாரோ பெண்ணின் பெயரைத் தேடியிருக்கிறார்கள். வந்தது எங்கள் தாள். அந்தப் பெண்ணுக்குக் காலேஜ் படிக்கும்போது நடந்த ஆபரேஷன், வார்டு நம்பரோடு. அக்கா சத்தம் போடவில்லை. போனை மேஜைமேல் எங்கள் பக்கமாகத் திருப்பி வைத்தார், ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்த சபை ஊழியர் பேனாவை மூடினார்.

கோயிலுக்குள் வாசித்தால் நாலு சுவருக்குள் இருக்கும், அடுத்த வாரம் தாள் மாவு சலிக்கப் போய்விடும். வெப்சைட்டில் ஏற்றினால் போகாது. அன்றைக்கே பழைய தாள்கள் முழுவதையும் இறக்கினோம். கூகுளில் நின்ற நகலை நீக்கச் சொல்லித் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இப்போது ஏற்றுவதற்கு முன் கடைசிப் பக்கத்தை வெட்டிவிடுகிறேன். பிறந்தநாள் பட்டியலும் வெட்டு. சபையார் முகவரிப் புத்தகம் வெப்சைட் பக்கமே வரக் கூடாது, பாஸ்வேர்டு போட்டும்கூட. ஒரு சபைக்கு ஒரு பாஸ்வேர்டு என்றால் அது ஊருக்கே தெரியும்.

பிள்ளைகள் படம்: விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்ததும் நூறு போட்டோ வரும். முதுகுப் பக்கமிருந்து எடுத்தது, கூட்டமாகத் தூரத்திலிருந்து எடுத்தது, கை வேலைகள், இவை மட்டும் ஏற்றுகிறேன். பெயர் கிடையாது. பெற்றோர் சம்மதம் சேர்க்கைப் படிவத்திலேயே ஒரு வரியாக இருக்கிறது. 2023 தனிநபர் தரவுச் சட்டம் 18 வயதுக்குக் கீழே எல்லோரையும் பிள்ளைகள் என்றே கணக்கு வைக்கிறது, பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது செய்ய வேண்டியதுதான்.

ஐயர் படமும் அவர் செல் நம்பரும் ஒன்றாக ஒரே பக்கத்தில் வேண்டாம். அதே படத்தை வாட்ஸ்அப்பில் வைத்து, வேறு நம்பரிலிருந்து “கூட்டத்தில் இருக்கிறேன், அவசரமாகக் கொஞ்சம் பணம் அனுப்புங்கள்” என்று சபையாருக்கு மெசேஜ் வரும். எங்களுக்கு வந்தது. ஒருவரும் ஏமாறவில்லை. காரணம் எங்கள் எச்சரிக்கை இல்லை. அதில் எழுத்துப்பிழை இருந்தது, எங்கள் ஐயர் தமிழாசிரியராக இருந்தவர்.

18 ஆகஸ்ட் 2025

கோட்டாறு பக்கத்துக் கத்தோலிக்க நண்பர் “இதெல்லாம் உங்களுக்கு, எங்களுக்குத் தினமும் திருப்பலி, நவநாள், நற்கருணை ஆராதனை என்று பட்டியலே பெரிது” என்கிறார். உண்மை. வேளாங்கண்ணி மாதிரி இடத்தில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை எந்த மொழியில் எத்தனை மணிக்கு என்பதே தனி அட்டவணை. உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அட்டவணையை மொழிவாரியாகப் பிரித்துப் போடுங்கள், நாள்வாரியாக வேண்டாம். மலையாளத் திருப்பலி தேடி வருகிறவர் மலையாள வரியை மட்டும்தான் பார்ப்பார்.

5 அக்டோபர் 2025

“சபை பெயரைத் தேடினால் ஜப்பானிய எழுத்தில் செருப்பு விளம்பரம் வருகிறது, ஆனால் வெப்சைட்டைத் திறந்தால் சரியாக இருக்கிறது” என்று ஒரு தம்பி. தளம் கைமாறிவிட்டது தம்பி. வெப்சைட் நடத்துகிற மென்பொருளான வேர்ட்பிரஸ் பழசு, அதன் துணை நிரலான ப்ளகின் புதுப்பிக்காதது, அல்லது காசு கொடுக்க வேண்டிய ‘தீம்’ (வடிவமைப்பு) ஒன்றை எங்கேயோ ஓசியில் இறக்கிப் போட்டது. உள்ளே நுழைந்து ஆயிரக்கணக்கில் பக்கம் செய்து கூகுளுக்கு மட்டும் காட்டுவார்கள். நாம் பார்த்தால் நம் ஐயரே சிரிப்பார். துடைத்தால் போகாது. கெடாத பழைய பேக்கப் இருந்தால் அதிலிருந்து, இல்லாவிட்டால் வெறும் தரையிலிருந்து ஆரம்பியுங்கள். எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். சர்ச் கன்சோலில் உங்களுக்குத் தெரியாத ஆள் உரிமையாளராக ஏறியிருப்பார், அவரை முதலில் இறக்குங்கள்.

நான் வேர்ட்பிரஸை விட்டு, கையாலேயே எழுதுகிற வெறும் எச்டிஎம்எல் பக்கங்களுக்கு வந்து நாளாயிற்று. உடைக்க ஒன்றுமில்லை, வேகம் அதிகம், செலவு டொமைனுக்கு மட்டும். இதைத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். போன மாதம் காய்ச்சலில் படுத்திருந்தபோது அசன நேரம் மாறியது. திருத்த வேறு ஆள் இல்லை, ஏனென்றால் வேறு யாருக்கும் எச்டிஎம்எல் தெரியாது. பாதுகாப்பான தளம்தான், என் ஒருவனை நம்பி நிற்கிறது. வெளிநாடு போன தம்பியை வைத்து எழுதியதெல்லாம் எனக்கும் பொருந்துகிறது.

ஆகவே கூகுள் சைட்ஸ் மாதிரி ஒன்றுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். அழகு கொஞ்சம் குறைவு. ஆனால் பெண்கள் சங்கச் செயலர் தன் போனிலிருந்தே நேரத்தை மாற்றிவிடுகிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சொந்த சர்வர் வைத்திருக்கிற கோவைக்காரர் இதைப் படித்துத் தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொள்ளட்டும்.

30 நவம்பர் 2025

இன்று ஆகமன முதல் ஞாயிறு. கேள்வி கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார்: ஆப் போயிற்று, முப்பது பக்கம் ஆறு பக்கமாயிற்று, ஆனால் ஓடுகிற படம் மட்டும் போகவில்லை, புது ஐயருக்கு அது பிடித்திருக்கிறது. பரவாயில்லை. படம் ஓடட்டும், அதற்கு மேலே ஆராதனை நேரத்தைப் போட்டுவிடுங்கள். முதல் படத்தின் கொள்ளளவை மட்டும் குறையுங்கள், போனில் எடுத்ததை அப்படியே ஏற்றினால் ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி. கிராமத்தில் சிக்னல் ஒரு கோடு காட்டுகிறவருக்கு ஐயர் பாதி நெற்றி வரைதான் வருவார்.

கரோல் ரவுண்ட்ஸ் எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு என்று போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தேதியையும் தெருவையும் போடுங்கள். மணியைப் போடாதீர்கள். மூன்றாவது வீட்டில் கேக்கும் காபியும் கொடுத்து உட்காரவைத்துவிடுவார்கள், பிறகு எந்த அட்டவணையும் நிற்காது.

ஞானஸ்நான சான்றிதழை ஆன்லைனில் கொடுக்கலாமா என்பதற்கு: விண்ணப்பம் வாங்கலாம், என்னென்ன விவரம் வேண்டும் என்று பட்டியல் போடலாம். பெயர், பெற்றோர் பெயர், உத்தேசமாக எந்த வருடம். வருடம் தெரியாமல் வருகிறவர்களால்தான் சபை ஊழியர் அரை நாள் ரிஜிஸ்டர் புரட்டுகிறார். சான்றிதழில் ஐயர் கையெழுத்தும் முத்திரையும் நேரில் போட்டுத்தான் போகும். ரிஜிஸ்டரை ஸ்கேன் செய்து மேலே ஏற்றலாம் என்று வாலிபர்கள் ஆசைப்படுவார்கள். ஸ்கேன் செய்யட்டும், பூச்சி அரிக்கிற தாள்களுக்கு அது நல்லது. ஹார்ட் டிஸ்க் பீரோவுக்குள் போகட்டும்.

23 டிசம்பர் 2025

நாளைக்கும் மறுநாளைக்கும் உள்ள நேரமெல்லாம் மேப்பிலும் தளத்திலும் ஏற்றியாயிற்று. 31-ம் தேதி இரவு ஆராதனை 11-க்கா 11.30-க்கா என்று தினமும் ஐந்தாறு பேர் கேட்கிறார்கள். ஐயரைக் கேட்டேன், கமிட்டியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். செயலரைக் கேட்டேன், ஐயர் சொல்லட்டும் என்றார். அந்த வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.